பந்தாகச் சுருளும் பாம்பு வீட்டுக்கு வந்த வழி

பந்து மலைப்பாம்பின் தாயகம் மேற்கு, நடு ஆப்பிரிக்காவின் புல்வெளிகள். நன்கு வளர்ந்தாலும் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்தடி நீளம்தான். ஆபத்து நெருங்கினால் பெரும்பாலும் கடிக்க வராது. தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு, தரையில் உருட்டிவிடலாம் என்னும்படி இறுகச் சுருண்டுகொள்ளும். பெயர் அதனால் வந்தது. பாம்பு வளர்ப்பில் புதிதாக இறங்குபவருக்கு நடுத்தர அளவில் ஏற்றது என்று பல நாடுகளில் இன்று இதையே கைகாட்டுகிறார்கள்.

இந்தச் சாதுத்தன்மையை முதலில் கண்டுகொண்டவர்கள் ஐரோப்பியர் அல்லர். பெனின் நாட்டின் உய்டா நகரில் இது தெய்வம். 1727இல் தஹோமி அரசு அந்த ஊரைக் கைப்பற்றுவதற்கு முன்பே வழிபாடு வேரூன்றியிருந்தது. பாம்பைக் கொல்வது பெருங்குற்றம். பேராலயத்துக்கு எதிரே உள்ள பாம்புக் கோயிலில் இன்றும் பல பாம்புகள் வாழ்கின்றன. வெளியே ஊர்ந்து யார் வீட்டுக்குள்ளாவது நுழைந்தால், வீட்டார் பதமாக எடுத்துவந்து கோயிலில் விடுவார்கள்.

இதே பாம்பு பெனின், டோகோ, கானா துறைகளில் சரக்கானது. 1975 முதல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஏற்றுமதியானவை முப்பது லட்சத்துக்கும் மேல். தொடக்கத்தில் வந்தவை காட்டில் பிடித்த வளர்ந்த பாம்புகள். செதில் இடுக்கில் உண்ணி, வயிற்றில் புழு. வயல் எலிகளையே தின்று பழகியதால், கடையில் வாங்கிய வெள்ளெலியை மாதக்கணக்கில் ஏறெடுத்தும் பாராது. வாங்கியவர் கண்ணெதிரே மெலிந்து செத்தவை ஏராளம். 'பட்டினி கிடக்கும் பாம்பு' என்ற கெட்ட பெயர் அப்போது ஒட்டியதுதான். பழி பாம்பின் மேல் விழுந்தது, பிழை பிடித்த முறையில் இருந்தது.

பிறகு பண்ணைமுறை வந்தது. எலி வளைகளையும் கறையான் புற்றுகளையும் தோண்டி, சினையான பெண் பாம்பைப் பிடிப்பார்கள். அது இடும் ஆறேழு முட்டைகள் பொரிய ஏறத்தாழ இரண்டு மாதம். குஞ்சுகளில் ஒரு பங்கைக் காட்டில் விட்டு, மீதியைக் கப்பலேற்றுவது ஏற்பாடு. அந்தக் குஞ்சு பண்ணையில் பொரித்ததே தவிர, வளர்ப்பில் பிறந்ததன்று; தாய் காட்டுப் பாம்புதான். முதன்முதலாக வாங்குபவர் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

வளர்ப்பில் பிறந்தவை பெருகக் காரணம் நிறம். 1992இல் அமெரிக்காவில் பாப் கிளார்க் என்ற பாம்பு வளர்ப்பாளர் வெளிறிய மஞ்சள்நிற அல்பினோ குஞ்சுகளைப் பொரிக்க வைத்தார். அந்த நிறம் பரம்பரையாக வரும் என்று உறுதியானதும், அரிய நிறம் கொண்டவற்றுக்குப் பெரும் விலை கிடைத்தது. இப்போது நிறவகைகள் ஆயிரக்கணக்கில். எல்லாமே நல்லதல்ல: 'ஸ்பைடர்' என்னும் வகைக்கு அழகோடு நரம்புக் கோளாறும் சேர்ந்தே வருகிறது. தலை நடுங்கும், சில பாம்புகள் இரையைக் குறிதவறிக் கொத்தும். தெரிந்தே அதைப் பெருக்குவது கொடுமை.

இந்தியாவில் நாட்டு மலைப்பாம்பை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ச் சட்டப்படி குற்றம். அதனால் ஆசை அயல்நாட்டுப் பாம்புகள் மேல் திரும்பியது, கடத்தலும் கூடவே வந்தது. 2023 ஜனவரியில் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையம் வந்த பெட்டிகளில் 45 பந்து மலைப்பாம்புகள் அடைபட்டிருந்தன; அவை திருப்பி அனுப்பப்பட்டன. 2024இல் வந்த விதிகளின்படி, இத்தகைய உயிரினத்தை வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும்.