கோன் ஐஸுக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் குவளை

ஐஸ்கிரீம் கடைக்காரர் கோனை நீட்டுகிறாரே, அது வருவதற்கு முன் எதில் கொடுத்தார்கள் தெரியுமா?

19-ஆம் நூற்றாண்டு லண்டனில், ஒரு பென்னி கொடுத்தால் சின்னக் கண்ணாடிக் குவளையில் வைத்துத் தருவார்கள். பெயர் 'பென்னி லிக்'. அடிப்பாகம் தடிமன் என்பதால் கொஞ்சம் வைத்தாலும் நிறைய இருப்பதுபோல் தெரியும்! நக்கிவிட்டுத் திருப்பித் தந்ததும், சரியாகக் கழுவாமலே அடுத்தவருக்கு நிரப்புவார்கள். காலரா, காசநோய் பரவும் என்ற பயத்தில் 1890களின் இறுதியில் லண்டனில் தடை வந்தது.

நியூயார்க்கில் ஐஸ் விற்ற இத்தாலியர் இட்டாலோ மார்க்கியோனிக்கு வேறு தலைவலி. குவளைகள் உடைந்தன, காணாமல் போயின. தின்னக்கூடிய கோப்பை செய்யும் அச்சுக்கு 1903-ல் காப்புரிமை வாங்கினார். 1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் கோன் பிரபலமானது.

படிப்பது பி.காம். அதனால் கணக்குதான் ஞாபகம் வருகிறது. கழுவாமல் மிச்சம் பிடித்தது வியாபாரி. ஆபத்தைச் சுமந்தது பென்னியோடு வந்த ஏழைக் குழந்தைகள். பேரேட்டில் ஏறாத செலவும் செலவுதான், நண்பர்களே!