அபின் தரும் அமைதியும் அதன் பின்வரும் ஓங்காளமும்

கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புற்றுநோயாளரைப் பராமரிக்கும் தமிழ்க் குடும்பங்களுடன் பேசும்போது ஒரு முறைப்பாட்டை அடிக்கடி கேட்க முடிகிறது. "வலிக்கு மோர்பின் தந்தார்கள், இரண்டு நாளும் ஒரே சத்தி. மருந்து ஒத்துவரவில்லை என்று நிறுத்திவிட்டோம்." அதன் பின்னர் நோயாளி வலியோடு கிடக்கிறார். அந்தச் சத்தி ஏன் வந்தது, அது நிலைக்குமா என்பதை எவரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருப்பதில்லை. இந்த வினாவின் பின்னால் இருநூறு ஆண்டு வரலாறு உண்டு.

அபின் நமக்குப் புதியதன்று. 'சாறு' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல் அரபு மொழியில் 'அஃப்யூன்' என்றாகிப் பின் தமிழில் அபின் ஆயிற்று. சித்த, ஆயுள்வேத வைத்தியர்கள் அதனை வலிக்கும் கழிச்சலுக்கும் மிகச் சிறிய அளவில் கையாண்டனர். பிரித்தானியர் ஆட்சியில் இலங்கையில் உரிமம் பெற்ற கடைகளிலேயே அபின் விற்பனையானது. எதிர்ப்பு வலுத்ததால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு கட்டுப்பாடுகளை இறுக்கியது. 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் அக்கட்டுப்பாட்டை ஒழுங்குபடுத்தியது. சுதேச வைத்தியருக்கு அதில் தனி ஏற்பாடு இருந்தது. ஆயுள்வேதம், சித்தம், யுனானி ஆகியவற்றைக் கற்பிக்கும் சுதேச வைத்தியக் கல்லூரி பொரளையில் தொடங்கப்பட்டதும் அதே 1929இல்தான். ஒரு கையால் மருந்தைக் கற்பித்த அரசு, மறு கையால் அதற்குப் பூட்டும் போட்டது.

1984இல் இச்சட்டம் திருத்தப்பட்டபோது ஹெரோயின், மோர்பின் கடத்தலுக்கு மரண தண்டனை வரை விதிக்க வழி செய்யப்பட்டது. கடத்தற்காரரை நோக்கிய கடுமை அது. ஆனால் 'மோர்பின்' என்ற பெயரோடு சேர்ந்து அச்சம் வீடுகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. அச்சம் ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டில், முதல் நாள் வாந்தியே தீர்ப்பாகி விடுகிறது.

அந்த வாந்தியின் கதை மோர்பினோடேயே பிறந்தது. ஜெர்மனியில் மருந்துக்கடை உதவியாளராக இருந்த பிரெட்ரிக் சேர்ட்யூர்னர் என்ற இளைஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதலாண்டுகளில் அபினிலிருந்து அதன் உயிர்ச்சத்தைப் பிரித்தெடுத்தார். கிரேக்கரின் கனவுத் தெய்வமான மோர்பியசின் பெயரைத் தழுவி அதற்குப் பெயரிட்டார். தம்மையும் மூன்று இளைஞர்களையும் வைத்துச் சோதித்ததை 1817இல் வெளியிட்டார். சிறு இடைவெளிகளில் மீண்டும் மீண்டும் உட்கொண்டதால் மயக்கமும் குமட்டலும் மேலிட, நஞ்சேறிவிட்டதென அஞ்சிய அவர் காடியைக் கொடுத்து அனைவரையும் வாந்தியெடுக்கச் செய்தாராம். மனிதரில் மோர்பின் செய்த முதல் வேலைகளில் ஒன்று வயிற்றைக் குமட்டியதே!

1869இல் இலண்டனில் மத்தீசன், ரைட் என்னும் இரு வேதியியலாளர் மோர்பினை ஐதரோகுளோரிக் அமிலத்துடன் சூடாக்கி அப்போமோர்பினைப் பெற்றனர். அது வலியைத் தணிக்கவில்லை. மிக விரைவாக வாந்தியை வரவழைத்தது. நஞ்சருந்தியவர்க்கு வாந்தி வருவிக்க மருத்துவர் அதனை நெடுங்காலம் பயன்படுத்தினர். 1950களில் அமெரிக்காவில் போரிசன், வாங் ஆகிய இருவரும் மூளைத்தண்டில் ஒரு சிறு பகுதியை விலங்குகளில் அகற்றிப் பார்த்தபோது அப்போமோர்பினால் வாந்தி வரவில்லை. வாந்தியைத் தூண்டும் வாயில் அதுவே என்பது தெளிவாயிற்று.

மூளையின் பெரும்பகுதியைக் குருதியிலுள்ள நச்சுப்பொருட்களிலிருந்து காக்கும் தடுப்பு, அந்தச் சிறு இடத்தில் நெகிழ்ந்திருக்கிறது. குருதியை 'சுவைத்துப் பார்க்கும்' காவலாளி அங்கே இருக்கிறான் எனலாம். மோர்பின் வந்ததும் அவன் அதனை நஞ்செனக் கொண்டு வாந்தி மையத்துக்கு எச்சரிக்கை அனுப்புகிறான். இது முதற் காரணம். உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பை மோர்பின் கூருணர்வு கொள்ளச் செய்வது இரண்டாவது. படுத்திருப்பவரைவிட எழுந்து நடமாடுபவருக்கே குமட்டல் கூடுவதற்கு இதுவே காரணம். இரைப்பையும் குடலும் மந்தமாவது மூன்றாவது. உணவு கீழிறங்காமல் தேங்குவதால் ஓங்காளம் பிறக்கிறது. கழிச்சலை நிறுத்திய அபினின் பழைய குணமே இங்கு மலச்சிக்கலாகவும் மாறுகிறது.

ஆக, இந்தக் குமட்டல் பெரும்பாலும் ஒவ்வாமையன்று. மருந்தின் இயல்பான பக்கவிளைவு. அதிலும் ஆறுதலான உண்மை ஒன்றுண்டு. பலருக்குச் சில நாட்களில், ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள், காவலாளி அந்த விருந்தாளியைப் பழகிக்கொள்கிறான், குமட்டல் தணிந்துவிடுகிறது. அதுவரை மெட்டோகுளோபிரமைட் போன்ற வாந்தித் தடுப்பு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கலாம், அளவைக் குறைக்கலாம், வேறொரு வலிநிவாரணிக்கு மாற்றலாம். மலச்சிக்கல் மட்டும் அவ்வாறு பழகிப் போவதில்லை. அதற்குத் தொடக்கத்திலிருந்தே மருந்து வேண்டும். ஓயாத வாந்தி, அளவுமீறிய உறக்கம், மூச்சு மந்தமாதல் ஆகியவை தோன்றினால் காத்திராது மருத்துவமனையை நாட வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கான படிமுறை வழிகாட்டலை 1986இல் வெளியிட்டு, கடும் வலிக்கு மோர்பினை முன்வைத்தது. நமது நாட்டின் அரச மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம். எனினும் இலவசமாகக் கிடைத்த மருந்து, முதல் வாந்தியோடு அலுமாரிக்குள் போய்விட்டால் எவருக்கு என்ன பயன்?

ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பெற்றோரின் நலம் கேட்கும் பிள்ளைகள், "மருந்து நிறுத்தியாயிற்று" என்ற செய்தி வந்தால் மேலும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "டொக்டரிடம் சொன்னீர்களா?" தாதியிடமோ மருத்துவரிடமோ சொல்லப்படும் அந்த ஒரு சொல், ஒரு முதியவரின் கடைசி மாதங்களை வலியிலிருந்து மீட்கக்கூடும்.