உறைந்து நிற்கும் உரிமை: மென்பொருள் நிறுவனக் கையகப்படுத்தல்களில் வாடிக்கையாளர் எதிர்வினை

முன்னுரை

ஒரு பெரிய மென்பொருள் நிறுவனம் தன் போட்டியாளரை விலைக்கு வாங்கினால், பங்குச் சந்தை அதை எப்படி எடுத்துக்கொண்டது என்பது அன்று மாலையே பதிவாகிவிடுகிறது. அந்த மென்பொருளை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதை ஆராய்ந்தவர்கள் குறைவு. அவர்களுடைய கோபமும் அச்சமும் பழகிய பொருளின் மீதுள்ள பாசம் என்று ஒதுக்கப்படுகின்றன. இக்கட்டுரை அந்த மதிப்பீட்டை மறுக்கிறது. வாடிக்கையாளரின் எதிர்ப்பு, தான் இழக்கப்போகும் உழைப்பைக் குறித்து அவர் தரும் சாட்சியம் என்பதும், மென்பொருள் வாடகைக்கு மாறிவிட்ட இக்காலத்தில் அந்தச் சாட்சியத்துக்கு முன்பைவிடக் கூடுதல் எடை தரப்பட வேண்டும் என்பதும் இதன் வாதம். பீப்பிள்சாஃப்ட், ஃப்ரீஹேண்ட், ஃபிக்மா ஆகிய மூன்று மென்பொருள்களின் வரலாறு இங்கே சான்றாகிறது.

வெளியேறல், குரல், பற்று: இன்னும் ஒன்று

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் வெளியிட்ட நூலில், ஒரு நிறுவனம் தரம் தாழும்போது வாடிக்கையாளர் முன் இரு வழிகள் இருப்பதாகச் சொன்னார்: விட்டு விலகுவது, குரல் கொடுப்பது. இவ்விரண்டில் எதை எப்போது தேர்வது என்பதைப் பற்று நிர்ணயிக்கிறது என்றார். கடையையோ ரயிலையோ பள்ளியையோ ஆராய இந்தச் சட்டகம் போதுமானது. மென்பொருளுக்கு இது போதாது.

காரணம், மென்பொருளை வாங்கியவர் அதில் போட்ட முதலீட்டில் உரிமக் கட்டணம் ஒரு சிறு பகுதிதான். கை பழகிய திறமை, அந்த மென்பொருளில் மட்டுமே முழுமையாகத் திறக்கும் கோப்புகள், அதைச் சுற்றி அமைத்துக்கொண்ட அலுவலக நடைமுறை ஆகியவை பெரும் பகுதி. விலகினால் இவை அனைத்தும் வீணாகும். எனவே விலகவும் முடியாமல் குரலுக்குப் பலனும் இல்லாமல் போகும்போது, வாடிக்கையாளர் மூன்றாவதாக ஒன்றைச் செய்கிறார். கையிலுள்ள பழைய பதிப்பையே வைத்துக்கொண்டு, புதுப்பிக்காமல், அப்படியே இருந்துவிடுகிறார். இதை 'உறைந்து நிற்றல்' என்று இக்கட்டுரை அழைக்கிறது. மென்பொருள் கையகப்படுத்தல்களில் வாடிக்கையாளர் எதிர்வினை எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பது, உறைந்து நிற்க எவ்வளவு காலம் இடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பீப்பிள்சாஃப்ட்: அமைப்பாகத் திரண்ட குரல்

1987-இல் டேவ் டஃபீல்டும் கென் மோரிஸும் தொடங்கிய பீப்பிள்சாஃப்ட், பணியாளர் நிர்வாக மென்பொருளில் பெயர் பெற்ற நிறுவனம். 2003 ஜூன் தொடக்கத்தில் அது ஜே.டி. எட்வர்ட்ஸ் நிறுவனத்தை வாங்கப்போவதாக அறிவித்தது. சில நாட்களிலேயே ஆரக்கிள், பங்குக்கு 16 டாலர் வீதம் சுமார் 510 கோடி டாலருக்கு பீப்பிள்சாஃப்டையே வாங்க முன்வந்தது. நிர்வாகத்தின் சம்மதமில்லாத முயற்சி அது. பீப்பிள்சாஃப்ட் மென்பொருளைப் புதிய வாடிக்கையாளர்களுக்கு முனைந்து விற்கப்போவதில்லை என்று ஆரக்கிள் தரப்பு தொடக்கத்திலேயே சொன்னதால், நிலைமை எங்கே போகிறது என்பது பழைய வாடிக்கையாளர்களுக்குத் தெரிந்துவிட்டது. விற்பனை நின்ற மென்பொருளுக்கு வளர்ச்சியும் நிற்கும்.

எதிர்த்தவர்கள் பெரிய நிறுவனங்களும் அரசுகளும். தன் நிர்வாக அமைப்பையே பீப்பிள்சாஃப்டுக்கு மாற்றிக்கொண்டிருந்த கனெக்டிகட் மாநிலம் அதே மாதத்தில் வழக்குத் தொடுத்தது. பீப்பிள்சாஃப்டும் புதிய ஒப்பந்தங்களில் ஒரு விதியைச் சேர்த்தது. நிறுவனம் கைமாறி, மென்பொருளுக்கான ஆதரவு குறைக்கப்பட்டால், வாடிக்கையாளர் கட்டிய உரிமக் கட்டணத்தைப் போல இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை திருப்பித் தரப்படும் என்பது அந்த விதி. இதனால் வாங்குபவர் தலையில் விழக்கூடிய பொறுப்பு நூறு கோடி டாலரைத் தாண்டியது. இது கையகப்படுத்தலைத் தடுக்கும் உத்தி என்று விமர்சிக்கப்பட்டது. அந்த விமர்சனத்தில் உண்மை உண்டு. ஆனால் வாடிக்கையாளரின் அச்சத்துக்கு ஒரு விலை உண்டு என்பதையும், அதை ஒப்பந்தத்தில் எழுத முடியும் என்பதையும் அது காட்டிவிட்டது.

அமெரிக்க நீதித் துறை 2004 பிப்ரவரியில் ஆரக்கிளுக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. வாடிக்கையாளர்கள் சாட்சிக் கூண்டில் ஏறினர். செப்டம்பரில் தீர்ப்பளித்த நீதிபதி வான் வாக்கர் ஆரக்கிள் பக்கமே சாய்ந்தார். சாட்சிகள் தங்களுக்கு எது பிடிக்கும் என்று உறுதியாகச் சொன்னார்களே தவிர, விலை ஏறினால் தங்களால் என்ன செய்ய முடியும், வேறு எங்கே போக முடியும் என்பதற்குக் கணக்குக் காட்டவில்லை என்பது அவர் கண்ட குறை. ஆதாரமற்ற அச்சம் சான்றுக்கு ஈடாகாது என்று அவர் கருதினார்.

சான்று கேட்டதில் நீதிபதி தவறவில்லை. கேள்விதான் குறுகலானது. விலை ஏறுமா என்பதையே சட்டம் மையக் கேள்வியாக வைத்தது. வாடிக்கையாளர் அஞ்சியதோ தொடர்ச்சி அறுந்துபோவதைக் குறித்து. பல ஆண்டு உழைப்பில் அமைத்த அமைப்பைக் களைந்துவிட்டு இன்னொன்றை நிறுவ ஆகும் செலவு கணக்கிடக்கூடியது. அதைக் கணக்கிட்டுக் கொண்டுவா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

2004 டிசம்பரில் பங்குக்கு 26.50 டாலர், மொத்தம் சுமார் 1,030 கோடி டாலர் என்று விலை படிந்தது. அடுத்த மாதமே சுமார் 5,000 பணியிடங்கள் நீக்கப்பட்டன. ஆனாலும் பீப்பிள்சாஃப்ட் அழியவில்லை. பத்தாண்டு ஆதரவுக்கு ஆரக்கிள் உறுதி தந்தது. 2006-இல் அந்த உறுதியைக் காலவரம்பின்றி நீட்டியது. அந்த மென்பொருள் இன்றும் இயங்குகிறது. வாடிக்கையாளர்கள் பெரியவர்களாகவும், ஒன்றுதிரண்டவர்களாகவும், ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் கட்டுபவர்களாகவும் இருந்ததே இதற்கு முக்கியக் காரணம். குரல் வென்றது நீதிமன்றத்தில் அல்ல, வரவு செலவுக் கணக்கில். டஃபீல்ட் 2005-இல் அனீல் பூஸ்ரியுடன் சேர்ந்து வொர்க்டே நிறுவனத்தைத் தொடங்கியதால், விலக விரும்பியவர்களுக்கும் காலப்போக்கில் ஒரு வழி பிறந்தது.

ஃப்ரீஹேண்ட்: சிதறிக் கிடந்தவர்களின் தோல்வி

ஃப்ரீஹேண்டின் வாடிக்கையாளர்களுக்கு அந்த வலு இல்லை. பத்திரிகை வரைகலைஞர்கள், நிலப்பட வரைவாளர்கள், விளம்பர வடிவமைப்பாளர்கள் என்று தனித்தனியாக உழைத்தவர்கள் அவர்கள். ஆல்ட்சிஸ் உருவாக்கி, ஆல்டஸ் 1988-இல் சந்தைக்குக் கொண்டுவந்த இந்த வரைகலை மென்பொருள் அடோபி இல்லஸ்ட்ரேட்டருக்கு நேர்ப் போட்டி. 1994-இல் அடோபி ஆல்டஸை இணைத்துக்கொண்டபோது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் குறுக்கிட்டது. ஃப்ரீஹேண்ட் ஆல்ட்சிஸிடமே திரும்பியது. பத்தாண்டுகளுக்கு ஆணையத்தின் முன் அனுமதியின்றி அடோபி அதை வாங்கக் கூடாது என்ற நிபந்தனையும் விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஆல்ட்சிஸை மேக்ரோமீடியா வாங்கியது.

பத்தாண்டு 2004-இல் முடிந்தது. 2005 ஏப்ரல் 18 அன்று சுமார் 340 கோடி டாலருக்கு மேக்ரோமீடியாவையே வாங்கப்போவதாக அடோபி அறிவித்தது. ஃப்ரீஹேண்டைப் பிரித்து விற்க வேண்டும் என்ற நிபந்தனை இம்முறை எழவில்லை. ஒருமுறை போட்டிக்கு ஆபத்து என்று கருதப்பட்ட அதே சேர்க்கை, மறுமுறை நிபந்தனையின்றி நடந்தேறியது. 2007-இல் அடோபி முடிவை அறிவித்தது. ஃப்ரீஹேண்டில் புதிய வசதிகள் சேர்க்கப்படாது. இன்டெல் சில்லு கொண்ட மேக் கணினிகளுக்காகவோ விண்டோஸ் விஸ்டாவுக்காகவோ அது திருத்தப்படாது. வாடிக்கையாளர்கள் இல்லஸ்ட்ரேட்டருக்கு மாறிக்கொள்ளலாம். அதற்குச் சலுகை விலை உண்டு.

மாறுவதென்றால் என்ன என்பதை ஒரு கோப்பை வைத்துப் பார்க்கலாம். ஒரு நிறுவனத்துக்கான கடிதத் தாள், உறை, முகவரி அட்டை மூன்றையும் ஃப்ரீஹேண்ட் கலைஞர் ஒரே கோப்பில், வெவ்வேறு அளவுள்ள மூன்று பக்கங்களாக வரைவார். எல்லாப் பக்கங்களிலும் வரவேண்டிய சின்னத்தை முதன்மைப் பக்கத்தில் ஒருமுறை வைத்தால் போதும். ஒரு நிறத்தையோ வடிவத்தையோ கோப்பு முழுவதும் தேடி மாற்றும் வசதியும் இருந்தது. அறிவிப்பு வந்த 2007-இல் இல்லஸ்ட்ரேட்டரில் பல பக்கங்கள் என்ற ஏற்பாடே இல்லை. பல வரைபலகைகளை ஒரே கோப்பில் வைக்கும் வசதி 2008-இல் வெளியான சி.எஸ்.4 பதிப்பில்தான் வந்தது. கோடுகளும் நிறங்களும் புதிய மென்பொருளுக்கு வந்து சேர்ந்தன. அவற்றை இணைத்திருந்த வேலைமுறை வரவில்லை. ஒரே நாளில் முடித்த திருத்தத்துக்கு இனி எத்தனை நாள் பிடிக்கும் என்று அந்தக் கலைஞர் கேட்டது பாசத்தால் எழுந்த கேள்வியன்று, தொழில் கணக்கு.

பெரும்பாலோர் உறைந்து நின்றனர். ஆப்பிள் நிறுவனத்தின் ரோசெட்டா என்ற மொழிமாற்று அடுக்கு இருந்தவரை, இன்டெல் மேக் கணினிகளிலும் பழைய ஃப்ரீஹேண்ட் ஓடியது. 2011 ஜூலையில் வெளிவந்த லயன் இயங்குதளத்தில் ரோசெட்டா நீக்கப்பட்டது. புதிய மேக் கணினி வாங்கியவருக்கு ஃப்ரீஹேண்ட் இல்லை என்றாயிற்று. அந்த ஆண்டு மே மாதத்தில், 'ஃப்ரீ ஃப்ரீஹேண்ட்' என்ற பெயரில் திரண்ட வாடிக்கையாளர் அமைப்பு, ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் அடோபி மீது வழக்குத் தொடுத்திருந்தது. வழக்கை முழுமையாகத் தள்ளுபடி செய்ய நீதிமன்றம் மறுத்தது. 2012-இல் அது சமரசத்தில் முடிந்தது. ஃப்ரீஹேண்ட் மீண்டு வரவில்லை. கையகப்படுத்தல் அறிவிக்கப்பட்டு ஆறாண்டு கழித்து எழுந்த குரல் நியாயமானதாக இருந்தும் பயனளிக்கவில்லை.

பேஜ்மேக்கர்: தமிழ்ப் பதிப்புலகின் அனுபவம்

அதே 1994 இணைப்பில் அடோபி வசம் வந்த இன்னொரு மென்பொருள் தமிழ்ப் பதிப்புலகுக்கு நன்கு தெரிந்தது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அடோபி தன் கவனத்தை இன்டிசைனுக்கு மாற்றிக்கொண்டது. தமிழ்நாட்டு டி.டி.பி. மையங்களும் அச்சகங்களும் அதற்குப் பிறகும் பல்லாண்டு பேஜ்மேக்கரிலேயே புத்தகம் கோத்தன. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்கள், அவற்றுக்கேற்பப் பழகிய விசைப்பலகை, அந்த எழுத்துருக்களில் தட்டச்சான நூற்றுக்கணக்கான நூல்கள் எல்லாம் அதில் கட்டுண்டிருந்தன. இன்டிசைனில் இந்திய மொழிகளுக்கு முறையான ஆதரவு 2012-இல் வந்த சி.எஸ்.6 பதிப்பில்தான் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தைத் தமிழ்ப் பதிப்பாளர்கள் உறைந்து நின்றே கடந்தார்கள். வட்டிலிருந்து ஒருமுறை நிறுவியதை வாங்கியவரே வைத்துக்கொள்ள முடிந்ததால் இது சாத்தியமாயிற்று.

ஃபிக்மா: உறைந்து நிற்க இடமில்லாதபோது

2022 செப்டம்பர் 15 அன்று, ஃபிக்மாவைச் சுமார் 2,000 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அடோபி அறிவித்தது. இணைய உலாவியில் இயங்கும் இந்த வடிவமைப்புக் கருவி, அடோபியின் சொந்தக் கருவியான எக்ஸ்.டி.க்கு எதிராக வளர்ந்தது. வடிவமைப்பாளர்களின் எதிர்ப்பு அறிவிப்பு வந்த அன்றே வெடித்தது. பென்பாட் போன்ற திறமூலக் கருவிகளை நோக்கிப் பலர் திரும்பினர். ஃப்ரீஹேண்டுக்கு நேர்ந்ததை அறிந்திருந்தவர்களின் நினைவு இந்த வேகத்துக்கு ஒரு காரணம். கருவியின் அமைப்பு அதைவிடப் பெரிய காரணம். ஃபிக்மாவில் 'பழைய பதிப்பு' என்று ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. மென்பொருளும் கோப்பும் நிறுவனத்தின் வழங்கியில் இருக்கின்றன. அங்கே எதை மாற்றினாலும் அந்தக் கணமே எல்லோருக்கும் மாறிவிடும். ஃப்ரீஹேண்ட் கலைஞருக்குச் சில ஆண்டுகள் கிடைத்தன. ஃபிக்மா வடிவமைப்பாளருக்கு ஒரு நாளும் கிடைக்காது.

இம்முறை ஒழுங்காற்று அமைப்புகள் முன்கூட்டியே விழித்துக்கொண்டன. 2023 நவம்பரில் ஐரோப்பிய ஆணையம் தன் ஆட்சேபங்களை முறைப்படி தெரிவித்தது. பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தை ஆணையமும், இந்தக் கையகப்படுத்தல் போட்டியைக் குறைக்கும் என்று தற்காலிக முடிவை வெளியிட்டது. டிசம்பர் 18 அன்று இரு நிறுவனங்களும் ஒப்பந்தத்தைக் கைவிட்டன. அடோபி 100 கோடி டாலர் முறிவுக் கட்டணம் செலுத்தியது. ஃபிக்மா தனி நிறுவனமாகவே தொடர்ந்து 2025 ஜூலையில் பங்குச் சந்தையில் இறங்கியது.

மறுதரப்பும் மறுமொழியும்

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு. எல்லாக் கையகப்படுத்தலும் கொலையல்ல. நிதி இல்லாமல் தள்ளாடும் மென்பொருளுக்குப் பெரிய நிறுவனம் உயிர் கொடுப்பதுண்டு. மேக்ரோமீடியாவின் ட்ரீம்வீவர் அடோபியிடம் பல்லாண்டு வளர்ந்தது. ஒரே வேலைக்கு இரண்டு மென்பொருள்களைப் பராமரிக்கும்படி எந்த நிறுவனத்தையும் காலமெல்லாம் கட்டாயப்படுத்துவதும் நியாயமில்லை. இவை அனைத்தும் ஏற்கத்தக்கவை. ஒரு மென்பொருளை நிறுத்த அதன் உடைமையாளருக்கு உரிமை உண்டு. அதில் மற்றவர்கள் போட்ட உழைப்பையும் சேர்த்து நிறுத்த அவருக்கு உரிமை கிடையாது என்பதே இக்கட்டுரையின் நிலை.

இதிலிருந்து மூன்று நிபந்தனைகள் பிறக்கின்றன. ஒன்று, நேரடிப் போட்டியாளரை வாங்கும் நிறுவனம், வாங்கப்படும் மென்பொருளின் கோப்பு வடிவத்தை முழுமையாக வெளியிட வேண்டும். இரண்டு, குறித்த ஆண்டுகளுக்குப் பராமரிப்பு உறுதியை ஒப்பந்தமாகவே தர வேண்டும். மூன்று, அதை நிறுத்த முடிவு செய்தால், கடைசிப் பதிப்பை வாடிக்கையாளர் தன் கணினியிலேயே இயக்க வழி செய்ய வேண்டும். வழங்கியில் இயங்கும் மென்பொருளுக்கு மூன்றாவது நிபந்தனை கடினம் என்றால், அங்கே முதல் நிபந்தனை இரட்டிப்புக் கண்டிப்புடன் விதிக்கப்பட வேண்டும்.

முடிவுரை

பீப்பிள்சாஃப்ட் வாடிக்கையாளர்களைக் காத்தது அவர்களுடைய பண வலு. ஃபிக்மா வாடிக்கையாளர்களைக் காத்தது முன்கூட்டிய விசாரணை. இரண்டும் இல்லாத ஃப்ரீஹேண்ட் கலைஞர்கள் தோற்றார்கள். ஆகவே சாதாரண வாடிக்கையாளருக்கு எஞ்சியிருக்கும் ஒரே காப்பு, ஒப்பந்தம் நிறைவேறும் முன் அவர் குரல் கேட்கப்படுவதுதான்.

இந்தியாவில் அதற்கு இடம் உண்டு. 2024 செப்டம்பர் முதல், மதிப்பு 2,000 கோடி ரூபாயைத் தாண்டி, வாங்கப்படும் நிறுவனத்துக்கு இந்தியாவில் கணிசமான தொழில் இருந்தால், அந்தக் கையகப்படுத்தல் இந்தியப் போட்டி ஆணையத்தின் பார்வைக்கு வந்தாக வேண்டும். பாதிக்கப்படக்கூடியவர்களிடம் எழுத்துமூலம் ஆட்சேபம் கேட்க 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் 29-ஆம் பிரிவு வழி செய்கிறது. வடிவமைப்பாளர்களும் பதிப்பாளர்களும் கணக்காளர்களும் அந்த வழியைப் பயன்படுத்த வேண்டும். தங்கள் கோப்புகள் எத்தனை, மாற்ற ஆகும் நாட்கள் எத்தனை, செலவு எவ்வளவு என்று கணக்கோடு எழுத வேண்டும். ஆணையமும் அவற்றை அச்சம் என்று ஒதுக்காமல் சான்றாக ஏற்று எடைபோட வேண்டும்.