தீப்பிடிச்ச பிள்ளையும் சந்தேகப்பட்ட ஆஸ்பத்திரியும்

2013 ஆகஸ்டில் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஒரு கைக்குழந்தையைக் கொண்டு வந்தார்கள். பிறந்து மூணு மாதம்கூட ஆகவில்லை. அப்பா அம்மா ரெண்டு பேரும் விழுப்புரம் மாவட்டம், திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் கூலி வேலை செய்கிறவர்கள். பிள்ளை உடம்பில் தீக்காயம். எப்படி வந்தது என்று கேட்டதற்கு, பிறந்த ஒன்பதாம் நாளிலிருந்து பிள்ளை தானாகவே பத்திக்குது, ஒரு தடவை இல்லை, நாலு தடவை என்று சொன்னார்கள்.

அடுத்த வாரமே உலகப் பத்திரிகைகள் எல்லாம் அந்த வார்டு வாசலில் நின்றன. 'தானே தீப்பிடிக்கும் குழந்தை' என்ற தலைப்பை யார் விடுவார்கள்? ஊரிலோ பயம். ஓலைக்கூரை வீடுகள் நெருக்கமாக இருக்கிற கிராமம், அந்தப் பிள்ளை பத்தினால் நம்ம வீடும் பத்தும் என்ற பயம். லயத்தில் வளர்ந்த நமக்கு அதை விளக்கத் தேவையில்லை. ஒரு காம்பராவில் அடுப்பு கவிழ்ந்தால் வரிசை முழுக்கப் போகும் என்று சின்ன வயதிலேயே தெரியும்.

டாக்டர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எங்களுக்கு முக்கியம். முதலில் பிள்ளைக்கு வைத்தியம் பார்த்தார்கள். பிறகு பெற்றோர் சொன்னதைச் சிரித்து ஒதுக்காமல் சோதித்தார்கள். இரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தார்கள். உடம்பிலிருந்து எரியக்கூடிய வாயு ஏதும் வருகிறதா என்றுகூடத் தேடினார்கள். ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் பிள்ளை ஒரு தடவையும் பத்தவில்லை. பாஸ்பரஸ் மாதிரி காற்றுப் பட்டால் எரிகிற பொருள் ஏதாவது பட்டிருக்குமோ என்ற கேள்வியும், யாராவது வேண்டுமென்றே செய்கிறார்களோ என்ற கேள்வியும் அப்போதுதான் வந்தன. 2015 ஜனவரியில் அதே வீட்டில் பிறந்த அடுத்த குழந்தை, பாதத்தில் தீக்காயத்தோடு அதே ஆஸ்பத்திரிக்கு வந்தது. அதற்குப் பிறகு டாக்டர்கள் குழந்தை வதை பற்றிய சந்தேகத்தை வெளிப்படையாகவே பேசினார்கள். தாங்கள் எதுவும் செய்யவில்லை என்பதில் பெற்றோர் உறுதியாக நின்றார்கள்.

யார் சொன்னது சரி என்று மஸ்கெலியாவில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் எண்ணம் எங்களுக்கு இல்லை. ஆனால் அந்தச் சந்தேகத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரியாமல் 'டாக்டர் கெட்டவன்', 'தாய் கெட்டவள்' என்று பேசினால் கதை பாதியில் நின்றுவிடும்.

1951இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கில டாக்டர், இல்லாத நோயைச் சொல்லி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கும் ஆட்களைப் பற்றி எழுதினார். பொய்க்கதைகளுக்குப் பேர்போன ஜெர்மன் பிரபு ஒருவரின் பெயரால் அதற்கு 'முன்சௌசன்' என்று பெயர் வைத்தார். 1977இல் லீட்ஸ் நகரத்துக் குழந்தை டாக்டர் ரோய் மெடோ, தாய் தன் பிள்ளையை வைத்து அதையே செய்யலாம் என்று ரெண்டு சம்பவங்களோடு எழுதினார். ஒரு சிறுமிக்குச் சிறுநீரில் இரத்தம் போகுது என்று ஊர்ப்பட்ட பரிசோதனை. தாயின் கைபடாமல் எடுத்த சிறுநீர் மட்டும் சுத்தமாக இருந்தது. இன்னொரு பையனுக்கு உடம்பில் உப்பு ஏறிக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரியில் நல்லா இருப்பான், வீட்டுக்குப் போனால் சாகக் கிடப்பான். கடைசியில் செத்தே போனான்.

இதில் பயங்கரமான ஒரு விஷயம் உண்டு. இந்த வதையில் ஆஸ்பத்திரியும் ஒரு கருவி. தாய் சொல்வதை நம்பி ஊசி போடுகிறதும், குழாய் இறக்குகிறதும், சில சமயம் ஒப்பரேஷன் செய்கிறதும் டாக்டர்தான். அதனால்தான் பிறகு வந்தவர்கள் தாயின் மனநோய்ப் பெயரைத் தள்ளி வைத்துவிட்டு, பிள்ளைக்கு நடந்ததைப் பார்த்து 'மருத்துவ வழிச் சிறுவர் வதை' என்று சொல்லத் தொடங்கினார்கள்.

இதெல்லாம் டாக்டர்களின் கற்பனை என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு கணக்கு. இங்கிலாந்தில் டேவிட் சௌதால் என்ற டாக்டர், சந்தேகம் இருந்த 39 பிள்ளைகளின் ஆஸ்பத்திரி அறையில் ஒளித்து வைத்த கமராவால் பதிவு செய்தார். 33 பேர் விஷயத்தில் வதை கண்முன்னாலேயே நடந்தது. பெரும்பாலும் மூச்சை அடைப்பது. 1997இல் அது பிரசுரமானது. வெளியில் அன்பான பெற்றோராகத் தெரிந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

ஆனால் இதே டாக்டர்கள்தான் அடுத்த பக்கத்துக்கும் சாட்சி. சாலி கிளார்க் என்ற சட்டத்தரணிக்கு ரெண்டு ஆண் குழந்தைகள், ஒன்று 1996இலும் மற்றது 1998இலும், பிறந்த சில வாரங்களில் இறந்தன. வழக்கில் மெடோ வந்து, இப்படியான குடும்பத்தில் ரெண்டு குழந்தைகள் இயற்கையாக இப்படிச் சாக 7 கோடியே 30 லட்சத்தில் ஒரு வாய்ப்புத்தான் என்றார். ஒரு குழந்தைக்கான வாய்ப்பான 8543இல் ஒன்றை அதாலேயே பெருக்கி வந்த எண் அது. 1999இல் அவருக்கு ஆயுள் தண்டனை.

அந்தப் பெருக்கல் எங்கே பிழைக்கிறது என்று பார்க்க லயத்துக் கூரையே போதும். ஒரு காம்பரா ஒழுகுகிறது. அதே தகரத்துக்குக் கீழே இருக்கிற அடுத்த காம்பராவும் ஒழுகினால் அது அதிசயமா? ரெண்டும் ஒரே கூரை. ஒரே குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான், இரத்தமும் வீடும் ஒன்று. 2001இல் பிரித்தானிய அரச புள்ளியியல் சங்கமே இந்தக் கணக்கு தவறு என்று அறிக்கை விட்டது. ரெண்டாவது குழந்தையின் உடலில் கிருமித்தொற்று இருந்ததைக் காட்டிய ஆய்வு முடிவை நோயியல் டாக்டர் வெளியே சொல்லவில்லை என்பதும் தெரியவந்தது. 2003 ஜனவரியில் சாலி விடுதலையானார். 2007இல் இறந்துபோனார். சௌதால் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, சாலியின் கணவர்தான் கொன்றார் என்று போலீசுக்குச் சொல்லி, அதற்காக மருத்துவ சபையின் தண்டனையும் வாங்கினார். கமரா வைத்து நிரூபித்த அதே மனிதர்!

இந்த இடத்தில்தான் கீழ்ப்பாக்கத்தைத் திரும்பப் பார்க்கிறோம். அங்கே சந்தேகம் கடைசியில் வந்தது, சோதனைக்குப் பிறகு. பிள்ளை ஆஸ்பத்திரியில் பத்தவில்லை என்பது கண்ணால் பார்க்கக்கூடிய விஷயம். கூலிக்காரக் குடும்பம், படிக்காதவர்கள், ஊரில் ஏச்சு வாங்கினவர்கள் என்பதெல்லாம் சாட்சியே இல்லை. இந்த ரெண்டையும் கலக்காமல் வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று மலையகத்துக்குத் தெரியும், ஏனென்றால் இங்கே கலந்துதான் வைத்திருந்தார்கள்.

தோட்டத் தொழிலாளிக்கு வைத்தியம் கொடுக்கச் சட்டம் வந்தது 1872இல், மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம். அதன் பிறகும் பல காலம் தோட்டத்தில் சிசு மரணம் நாட்டின் மற்ற இடங்களைவிட மோசமாகவே இருந்தது. காலனி கால அறிக்கைகளில் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று தாய்மாரின் அறியாமை, சுத்தமில்லாத பழக்கம். பெற்ற உடம்பு ஆறுவதற்குள் பெரட்டுக்குப் போனதும், பால் குடிக்கிற பிள்ளை பிள்ளைக்காம்பராவில் கிடந்ததும், ஒரு காம்பராவில் ஏழெட்டுப் பேர் படுத்ததும் காரணமாக எழுதப்பட்டதைவிட, தாய் எழுதப்பட்டதுதான் சுலபமாக இருந்தது. டிஸ்பென்சரிக்காரர் சம்பளம் வாங்கியது தோட்டத்திடம். அவரிடம் நோயைச் சொல்வது துரையிடம் சொல்வது மாதிரி. நோயை ஒளித்தார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்தார்கள். அந்தப் பயத்தையும் அறியாமைக் கணக்கிலேயே எழுதிக்கொண்டார்கள்.

சந்தேகம் மேலே போகும்போது எப்படி ஊர்கிறது என்பதையும் பார்த்துவிட்டோம். 2022 டிசம்பரில் கொழும்பு சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் பழுதான ஒரு சிறுநீரகத்தை எடுக்கப் போன மூணு வயதுப் பையனுக்கு ரெண்டும் போய்விட்டது. 2023 ஜூலையில் அவன் இறந்தான். அதே வருஷம் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் காய்ச்சலுக்குச் சேர்த்த எட்டு வயதுச் சிறுமியின் கையை எடுக்க வேண்டி வந்தது. கையில் ஏற்றிய ஊசி பற்றிப் பெற்றோர் கேள்வி எழுப்பினார்கள். ரெண்டு இடத்திலும் பெற்றோர் பத்திரிகைக்குப் போன பிறகுதான் நாடு அதைப் பேசியது.

இலங்கையில் பிள்ளை மீதான கொடுமை 1995 முதல் தண்டனைச் சட்டத்திலேயே தனிக் குற்றம். 1998இன் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை வந்தது, 1929 என்ற இலக்கமும் வந்தது. காயத்தில் சந்தேகம் வந்தால் சட்ட வைத்திய அதிகாரி பார்ப்பார், பொலிசுக்குப் போகும், நீதவானிடம் போகும். ஏற்பாடு நல்லதுதான், வேண்டியதும்கூட. தோட்டத்துப் பிள்ளையை அடிக்கிறதும் சூடு வைக்கிறதும் நடக்கவில்லை என்று நாம யாரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது. அந்தப் பிள்ளைக்கு டாக்டரின் சந்தேகத்தைத் தவிர வேறு நாதி இல்லாத நாளும் உண்டு.

ஆனால் வழியை யோசித்துப் பாருங்க. மஸ்கெலியாவிலிருந்து கிளங்கன், அங்கிருந்து கண்டியோ பேராதனையோ, சிலருக்குக் கொழும்பு. ஒவ்வொரு இடத்திலும் அம்மா அதே கதையைத் திரும்பச் சொல்கிறாள், தனக்குச் சரியாக வராத மொழியில், அல்லது பக்கத்துக் கட்டிலில் இருக்கிற யாரோ மொழிபெயர்க்க. கிளங்கனில் 'நேத்து ராத்திரி' என்றது கண்டியில் 'முந்தாநாள்' ஆகிவிடும். கதை இடத்துக்கு இடம் மாறுகிறது என்பது குழந்தை வதையைக் கண்டுபிடிக்க டாக்டர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற முதல் அடையாளங்களில் ஒன்று. கடைசியில் யாரோ சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தை நீட்டி, இதில் ஒரு சைன் போடுங்க என்பார்கள். அவள் போட்டுக் கொடுப்பாள்.