யாரைக் கேட்டு எழுதிய யாப்பு?

1927 நவம்பரில் யாப்புச் சீர்திருத்தம் பற்றி ஆராய டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்து சாட்சியம் கேட்டபோது, பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் சார்பில் சென்றவர்களில் ஒருவர் அக்னஸ் டி சில்வா. தோட்டங்களில் கூலிக்கு வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குக் கேட்கிறீர்களா என்று டொனமூர் பிரபு அவரிடம் வினவினார். நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே என்றார் அக்னஸ். மேல்தட்டுப் பெண் ஒருவர் மலையகத்துக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்காகச் சொன்ன அந்தப் பதில், நம் அரசியல் வரலாற்று நூல்களில் ஒரு பந்தியாவது பெற்றிருக்க வேண்டியது.

அந்நாளில் வாக்குரிமை இருந்தது மக்கள்தொகையில் சுமார் 4 சதவீதத்தினருக்கு மட்டுமே. சொத்தும் படிப்பும் உள்ள ஆண்கள் அவர்கள். ஆணைக்குழு முன் போன பெருந்தலைவர்களில் பலர், இலங்கைத் தேசிய காங்கிரஸ்காரர் உட்பட, எல்லோருக்கும் வாக்கு என்பதை விரும்பவில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் அதை எதிர்த்து முறையிட இலண்டன் வரை போனார். ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கம்தான் அதை உரக்கக் கேட்டது. 1931இல் 21 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாரும் வாக்களித்தார்கள். இராமநாதனின் கல்விப் பணியையும் புலமையையும் போற்றுவதில் நமக்குக் குறைவில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் குணசிங்கவின் சங்கத்துத் தொழிலாளியின் கணிப்பு சேர் பட்டம் பெற்றவரின் கணிப்பைவிடச் சரியாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

17 ஆண்டுகள் கழித்து, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் அதன் தொடர்ச்சியாக வந்த சட்டங்களும் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. அப்போது எந்த ஆணைக்குழுவும் தோட்டத்துக்குப் போய் லயத்து வாசலில் நின்று எவரையும் எதுவும் கேட்கவில்லை. 1972 மே 22இல் வந்த முதலாவது குடியரசு யாப்பைத் தமிழரசுக் கட்சி வெளியேறிய ஓர் அரசியல் நிர்ணய சபை நிறைவேற்றியது. 1978 செப்டெம்பரில் வந்த இரண்டாவது யாப்பு, ஆறில் ஐந்து பங்குப் பெரும்பான்மை கொண்ட ஒரு கட்சியின் கைவண்ணம். இரண்டில் எதுவும் மக்கள் தீர்ப்புக்கு விடப்படவில்லை.

கொழும்புத் தமிழரிடம் அரசு கேள்வி கேட்காமல் இருந்ததில்லை. யார் நீ, எந்த ஊர், எதற்காக இங்கே தங்குகிறாய் என்று போர்க்காலத்தில் பொலிஸ் பதிவுப் படிவம் கேட்டது. 1983 யூலைக் கலவரத்தில் இரத்மலானை விமான நிலையத்தின் கொட்டகைகளில் தஞ்சம் புகுந்தவர்களிடமும் பெயர்ப் பட்டியல் எடுத்தார்கள். 2007 யூன் 7 அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதி விடுதிகளில் இருந்த 300க்கும் மேற்பட்ட தமிழரை பஸ்களில் ஏற்றி வடக்கு, கிழக்கு நோக்கி அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் மறுநாள் தடை விதித்ததால் அந்தச் செயல் அங்கேயே நின்றது. இப்படிப் பழகிப்போன ஒருவர், ‘நாட்டை எப்படி ஆள வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?’ என்ற கேள்வி அரசிடமிருந்து வந்தால் முதலில் சந்தேகப்படுவார். அதில் வியப்பில்லை.

அந்தக் கேள்வி 2016இல் வந்தது. அமைச்சரவை 2015 டிசெம்பரில் நியமித்த, சட்டத்தரணி லால் விஜேநாயக்க தலைமையிலான மக்கள் கருத்தறியும் குழு 25 மாவட்டங்களுக்கும் போனது. கொழும்புச் சட்ட பீடத்தின் முன்னாள் பீடாதிபதி நா. செல்வக்குமாரன் போன்றோர் அதில் உறுப்பினர். காணி அனுமதிப்பத்திரத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் மட்டுமே கச்சேரிப் படி ஏறிப் பழகிய சனம், அதே கச்சேரி மண்டபத்தில் உட்கார்ந்து நிறைவேற்று ஜனாதிபதி முறை வேண்டுமா, சமஷ்டி வேண்டுமா என்று பேசியது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாருக்கு யாப்பு உறுப்புரைகளைவிடப் பிள்ளையின் பெயர்தான் முதலில் வந்தது. ஆயிரக்கணக்கானோர் நேரிலும் தபாலிலும் மின்னஞ்சலிலும் கருத்துச் சொன்னார்கள். அவகாசமோ சில மாதங்கள்தான்.

மே மாதத்தில் வந்த அறிக்கை நேர்மையானது என்பது என் மதிப்பீடு. குழுவுக்குள் ஒத்த கருத்து வராத இடங்களில் அதை மூடி மறைக்கவில்லை. அரசின் தன்மை பற்றியும் பௌத்தத்துக்கு முதன்மை தரும் 9ஆம் உறுப்புரை பற்றியும் ஒன்றுக்கு மேற்பட்ட மாற்று வாசகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. வழமையான அரச அறிக்கைகளில் இதைப் பார்க்க முடியாது.

பிறகு நடந்தது நமக்குத் தெரியும். பாராளுமன்றமே அரசியலமைப்புப் பேரவையாகக் கூடியது. ஆறு உபகுழுக்கள் அறிக்கை தந்தன. 2017 செப்டெம்பர் 21இல் வழிநடத்தற் குழுவின் இடைக்கால அறிக்கை வந்தது. 2018 ஒக்டோபர் 26இன் பிரதமர் மாற்றக் குழப்பத்தோடு எல்லாம் படுத்துவிட்டது. கச்சேரிக்குப் போய்ப் பேசிய ஒருவருக்கு, நீங்கள் சொன்னதை இன்ன காரணத்தால் ஏற்றோம் அல்லது ஏற்கவில்லை என்று ஒரு வரி எழுத எந்தச் சட்டமும் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றிய கலந்தாலோசனைச் செயலணியின் கதையும் இதுவே. மனோரி முத்தெட்டுவேகம தலைமையிலான அச்செயலணி 7,306 கருத்துரைகளைத் திரட்டியது. 2017 சனவரியில் அறிக்கை கையளிக்கப்பட்டபோது அதைப் பெற்றுக்கொள்ள ஜனாதிபதியும் வரவில்லை, பிரதமரும் வரவில்லை.

குறை மக்கள் பேசாததில் இல்லை. கருத்துக் கேட்ட அரசுக்குப் பதில் சொல்லும் கடமை இல்லை. குறை அங்கே இருக்கிறது. இதே நாட்டில், இதே 2016இல் நிறைவேறிய 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். உங்கள் ஒழுங்கையின் வடிகாலுக்கு எவ்வளவு செலவானது என்று தகவல் அலுவலரிடம் எழுதிக் கேட்டால், 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் முடிவு சொல்லியாக வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்கும் மேல் ஆணைக்குழு உண்டு. வடிகாலைப் பற்றிக் கேட்டவருக்கு உள்ள இந்த உரிமை, நாட்டின் அடிப்படைச் சட்டத்தைப் பற்றிக் கருத்துச் சொன்னவருக்கு இல்லை.

வெளியுலக அனுபவமும் இதைத்தான் காட்டுகிறது. அயர்லாந்தில் 2012இல் கூடிய யாப்பு மாநாட்டில் 66 சாதாரணக் குடிமக்கள், 33 அரசியல்வாதிகள், ஒரு தலைவர். ஒவ்வொரு பரிந்துரைக்கும் நான்கு மாதத்துக்குள் பதிலளிப்பதாக அரசாங்கம் முன்கூட்டியே உறுதி கூறியிருந்தது. அந்த மாநாட்டின் பரிந்துரை ஒன்றே 2015இன் ஒருபால் திருமண வாக்கெடுப்பாக வளர்ந்து 62 சதவீத ஆதரவோடு யாப்பில் ஏறியது. ஐஸ்லாந்திலோ குடிமக்கள் உதவியோடு எழுதிய வரைவை 2012 ஒக்டோபர் வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தார்கள். பாராளுமன்றம் அதை நிறைவேற்றவே இல்லை. பங்கேற்பில் ஐஸ்லாந்து ஒரு படி மேலே என்றுகூடச் சொல்லலாம். ஆனால் பதில் சொல்லும் கடப்பாடு இருந்த இடத்தில்தான் காரியம் நடந்தது.

அயர்லாந்தில் போலக் குலுக்கல் முறையில் குடிமக்களைத் தேர்வது என்றதும் நம்மவர் தமிழ்நாட்டின் உத்திரமேரூருக்குப் போய்விடுவார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை, 30 குடும்புகளிலிருந்து குடவோலை வழி வாரிய உறுப்பினரைத் தெரிந்தெடுத்த விதத்தை நுணுக்கமாகச் சொல்கின்றன. கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினருக்கும் இடமில்லை என்ற விதியை நம் மாநகர சபைகளுக்குக் கடன் வாங்கலாம். ஆனால் அந்தக் குடத்துக்குள் பெயர் போட நிலமும் வேதக் கல்வியும் வேண்டும். அது பிராமணருக்குக் கொடையாக வழங்கிய பிரமதேய ஊர். பெண்ணுக்கும் உழுதவனுக்கும் ஓலை இல்லை. பெருமைப்படும்போது இதையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

யாப்புத்தான் எட்டாத தூரம் என்றால் மாநகர சபை பக்கத்தில் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, இரத்மலானை தெகிவளை–கல்கிசை மாநகர சபைக்குள் வருகிறது. ரெயில்வே வேலைத்தளத் தொழிலாளர், தொழிற்சாலைகளுக்கு மலையகத்திலிருந்து வந்த இளைஞர், இந்துக் கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்பவென்றே குடிவந்த குடும்பங்கள் எனப் பல விதமானோர் இங்கு உண்டு. 2023 மார்ச் 9இல் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் காசில்லை என்ற காரணத்தோடு நிறுத்தப்பட்டது. அம்மாதமே சபைகளின் காலம் முடிந்தது. தேர்தலை நடத்தாததால் குடிமக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே 6இல் நடந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் குப்பை லொறி வராத நாளில் யாரிடம் முறையிடுவது என்று தெரியாமல் இருந்தவர்களுக்கு ஜனநாயகச் சீர்திருத்தம் புத்தகப் பேச்சாகத் தெரியாது.

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989 முதல் மக்கள் கூட்டங்களில் நகரின் செலவுக்கு முன்னுரிமை தீர்மானித்தார்கள். இங்கும் மாநகர சபை தன் வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்றுமுன் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறது. பத்திரிகையில் மூலையில் சின்ன அறிவித்தலாக வரும் அதைப் பார்த்துவிட்டுச் சபைக்குப் போய்ப் புரட்டுபவர் எத்தனை பேர்? கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைக்காரர் கொழும்பு மாநகர சபையிடம் கேட்டுப் பார்க்கவேண்டியதும் இந்த வரவுசெலவுத் திட்டத்தையே.

2024இல் ஆட்சிக்கு வந்த தேசிய மக்கள் சக்தி, 2015இல் தொடங்கிய யாப்பு வேலையை முடித்து மக்கள் தீர்ப்புக்கு விடுவதாகத் தன் தேர்தல் விஞ்ஞாபனத்தில் சொல்லியிருக்கிறது. கருத்துக் கேட்கும் அறிவித்தல் மறுபடி வந்தால், நம் சங்கங்களும் ஆலய சபைகளும் பழைய மாணவர் மன்றங்களும் தமிழிலேயே மனு எழுதட்டும். எது கேட்டாலும் முதல் கோரிக்கையாக ஒன்றைச் சேர்க்கட்டும்: பெறப்பட்ட ஒவ்வொரு கருத்துக்கும் குறித்த காலத்துக்குள் காரணத்தோடு பதில் தரவேண்டும், அதைச் சட்டமாக்கவேண்டும். வாடகை வீட்டில் இருப்போர் வாக்காளர் இடாப்பில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று இந்த வருடமே கிராம அலுவலரிடம் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் படிவத்தில் உங்கள் பெயரைப் போட மறந்திருக்கலாம்.