பகையில் தொடங்கும் காதல்: ரீஜென்சி காலப் புதினங்கள்



ஆங்கிலக் காதல் புதினங்களுள் ஒரு வகையை 'ரீஜென்சி ரொமான்ஸ்' என்பர். அதில் பலரும் விரும்பிப் படிப்பது, பகையாய்த் தொடங்கிக் காதலாய்க் கனியும் கதை. முதற்சந்திப்பிலேயே தலைவனுக்கும் தலைவிக்கும் ஒத்துப்போகாது. சொல்லுக்குச் சொல் மோதிக்கொள்வர். கண்ணியம் மீறாமல் கதை நகர்ந்து திருமணத்தில் முடியும். நம் இலக்கியம் கூறும் ஊடல் காதலுக்குப் பின் வருவது. இங்கோ பிணக்கு முதலில், காதல் பிறகு. 'பொழுதுபோக்குக் கதையில் வரலாறு எங்கே இருக்கிறது?' என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பிணக்கிலேயே இருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் பெயர்க்காரணத்தைக் காண்போம். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மனநலம் குன்றி ஆளும் ஆற்றலை இழந்ததால், 1811 பிப்ரவரியில் அவருடைய மூத்த மகன் தந்தைக்குப் பதிலாக ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். 1820 ஜனவரியில் மன்னர் மறையும்வரை இந்நிலை நீடித்தது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் நீடித்த அந்தப் பதிலாட்சியே 'ரீஜென்சி' எனப்படுகிறது.

இக்காலத்தில், 1813 ஜனவரி 28ஆம் நாள், ஜேன் ஆஸ்டின் எழுதிய 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' வெளிவந்தது. நூலில் ஆசிரியரின் பெயர் இல்லை. பதிப்புரிமையை அவர் 110 பவுனுக்கு விற்றுவிட்டார். எலிசபெத் பென்னட், டார்சி ஆகிய இருவரின் பிணக்கைக் கூறும் இப்புதினம், பின்வந்த இத்தகைய கதைகளுக்கெல்லாம் முன்மாதிரி ஆயிற்று.

எலிசபெத்தின் தந்தைக்கு ஆண்டுக்கு 2,000 பவுன் வருமானம் தரும் நிலம் உண்டு. ஆனால், பிறந்த ஐவரும் பெண்கள். ஆண் வாரிசுக்கே நிலம் சேரும் என்ற ஏற்பாட்டினால், தந்தைக்குப் பின் அது உறவினர் காலின்சுக்குப் போய்விடும். அதே காலின்ஸ் எலிசபெத்தைப் பெண் கேட்கிறார். அவள் மறுக்கிறாள். 27 வயதான அவளுடைய தோழி ஷார்லட் அவரையே மணக்கச் சம்மதிக்கிறாள். அது காதலன்று, தலைக்குமேல் ஒரு கூரை. ஆஸ்டின் ஷார்லட்டை இழிவாகக் காட்டவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

பின்னர், ஆண்டுக்கு 10,000 பவுன் வருமானமுள்ள டார்சியே வந்து கேட்கிறார். காதலைச் சொல்லும்போதே அவளுடைய குடும்பத்தின் தாழ்வையும் சுட்டுகிறார். எலிசபெத் அவரையும் மறுக்கிறாள். இன்று படிப்போருக்கு இது சுவையான சண்டைக் காட்சி. அன்றைய சட்டத்தை அறிந்தவருக்கோ இது பெரும் துணிவு. மணமான பெண்ணின் பணமும் அசையும் பொருளும் கணவனைச் சேர்ந்துவிடும். பெற்றோர் முன்கூட்டியே தனி ஒப்பந்தம் செய்திருந்தால்தான் சிறிது பாதுகாப்பு. மனைவி தன் சொத்தைத் தானே ஆளும் உரிமையை 1870, 1882ஆம் ஆண்டுச் சட்டங்களே படிப்படியாக வழங்கின. மணக்காத பெண்ணுக்கோ, நற்குடியில் பிறந்தவளாயின், பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதைத் தவிர வேறு பிழைப்பு அரிது. ஆகவே 'மாட்டேன்' என்ற ஒரு சொல்லே அவள் கையிலிருந்த அதிகாரம்.

அச்சொல்லின் விலையை ஆஸ்டின் நன்கு அறிந்தவர். 1802 டிசம்பர் 2ஆம் நாள், ஹாம்ப்ஷயரில் ஒரு பெரும் பண்ணைக்கு வாரிசான ஹாரிஸ் பிக்-விதர் அவரை மணக்கக் கேட்டார். ஆஸ்டின் இசைந்தார், மறுநாள் காலையிலேயே இசைவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1805இல் தந்தை மறைந்த பின், தாயும் இரு மகள்களும் ஆண்மக்களின் உதவியை நம்பி இடம் மாறி வாழ்ந்தனர். 1809இல் தமையன் எட்வர்ட் சாட்டன் என்னும் ஊரில் ஒரு வீட்டைத் தந்த பிறகே நிலையான இடம் அமைந்தது. ஆஸ்டின் இறுதிவரை மணம் செய்துகொள்ளவில்லை; 1817இல் தம் 41ஆம் வயதில் காலமானார்.

இருபதாம் நூற்றாண்டில் இக்காலத்திற்குப் புத்துயிர் கொடுத்தவர் ஜார்ஜட் ஹேயர். 1935இல் வெளிவந்த அவருடைய 'ரீஜென்சி பக்' புதினத்திலும், தலைவி மோதுவது தந்தையின் உயிலால் தனக்குக் காப்பாளராக அமைந்தவரோடுதான். உடை, வண்டி, பேச்சுவழக்கு என ஒவ்வொன்றையும் ஹேயர் ஆராய்ந்து எழுதினார். அவரைப் பின்பற்றியோர் பலர். அவர்களுள் சிலரிடம் நடன அரங்கும் பட்டாடையும் தங்கின. நிலமும் உயிலும் சட்டமும் உதிர்ந்தன. அப்போது பிணக்கு வெறும் விளையாட்டாகிவிடுகிறது.

டார்சி தம் செருக்கை உணர்கிறார். எலிசபெத் தன் முற்சாய்வை உணர்கிறாள். பிறகே இருவரும் இணைகின்றனர். ஆனால், இரண்டாம் முறை அவள் சொன்ன 'ஆம்' இனிப்பதற்குக் காரணம், முதன்முறை அவளால் 'மாட்டேன்' என்று சொல்ல முடிந்ததே. இத்தகைய புதினம் ஒன்று உங்கள் கையில் கிடைத்தால், தலைவி மறுத்தால் அவளுக்கு என்ன நேரும் என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். நல்ல புதினம் அதற்கு விடை வைத்திருக்கும்.