தலைக்காயமும் தோட்டத்துத் தூரமும்

1886ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஆட்சி, பதுளையைத் தலைநகராகக் கொண்டு ஊவா மாகாணத்தை அமைத்தது. அதே ஆண்டில் லண்டன் கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த ஜேக்கப்சன் என்ற சத்திரசிகிச்சையாளர், மண்டையோட்டினுள் பெருகும் குருதியைப் பற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்டார். இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால் நமது தோட்டங்களின் துயர வரலாறொன்று விளங்கும்.

ஜேக்கப்சன் எடுத்துக்காட்டியது இதுதான்: தலையில் அடிபட்டவர் சற்று மயங்கிக் கிடந்து, பின் தெளிந்து பேசுவார். ஆபத்து நீங்கிற்று என்று பார்ப்பவர் எண்ணுவர். உள்ளேயோ, அறுந்த நாளத்திலிருந்து குருதி பெருகிக்கொண்டே இருக்கும். மண்டையோடு விரிந்து கொடுக்காத எலும்புப் பெட்டி. ஆகவே நசுங்குவது மூளையே. கடுந்தலைவலி, வாந்தி, உறக்கம் போன்ற மயக்கம், ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிதல் ஆகியன தோன்றும். முடிவில் மூச்சை ஆளும் மூளைத்தண்டு அழுந்தி உயிர் பிரியும். எலும்பைத் துளைத்துக் குருதியை அகற்றினால் பிழைக்க வழியுண்டு. ஆனால் அது சில மணி நேரத்துக்குள் நடந்தாக வேண்டும்.

அந்தச் சில மணி நேரம் ஊவாத் தொழிலாளிக்கு வாய்த்ததா? 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் தொழிலாளரின் வைத்தியப் பொறுப்பில் ஒரு பங்கைத் துரைமார் மீது சுமத்தியது. நடைமுறையில் தோட்டத்து மருந்தகமே முதற்படியாயிற்று. பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். டாக்டர் ஷெல்டன் கப்ரால் கொழும்பில் மூளைச் சத்திரசிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது 1956இல். பதுளையிலிருந்து கொழும்புக்கு இருப்புப்பாதை வழியே ஏறத்தாழ 290 கிலோமீட்டர். கொழுந்து மலையில் சறுக்கி விழுந்தவளை, "தெளிந்துவிட்டாள்" என்று லயத்துக் காம்பராவில் படுக்கவைத்தால், விடியுமுன் எந்த வண்டி அவளை அங்கே சேர்த்திருக்கும்?

இத்தூரத்தை மலை மட்டும் விதிக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது, வாக்குரிமையும் போயிற்று. வாக்கற்றோர் கேட்ட வீதிக்கும் வைத்தியசாலைக்கும் செவிசாய்க்க ஆள்வோருக்கு என்ன அவசரம்?

1971இல் லண்டனில் முதன்முதலாக நோயாளி ஒருவரின் தலையைப் படம் பிடித்த சி.டி. கருவி, இன்று உட்குருதியைச் சில நிமிடங்களில் காட்டிவிடுகிறது. ஆயினும் நோயாளி அதனிடம் வந்துசேர வேண்டுமே! 2021 மார்ச்சில் பசறை அருகே பஸ் பள்ளத்தில் வீழ்ந்து பத்துக்கு மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கவில்லை. மலைப்பாதையில் தலைக்காயம் இன்றும் அன்றாட அபாயமே.

ஆதலால், தலையில் அடிபட்டு மயங்கியவர் எழுந்து பேசினாலும் அவரை உறங்கவிட்டுப் போகாது, உடனே வைத்தியசாலைக்கு அனுப்புவோம். அவரை ஏற்றிச்செல்லும் வண்டி ஒவ்வொரு தோட்டத்திலும் இரவு பகலாக ஆயத்தமாக நிற்க வேண்டுமென்று ஒன்றுபட்டுக் கேட்போம். 1886இல் அறியப்பட்ட உண்மை லயத்து வாசலை எட்ட இன்னும் எத்தனை காலம் வேண்டும்?